எங்கே வட்டி ஏறுகிறதோ அங்கே கை வையுங்கள்

கேள்வி: நான் நான்கு ஆண்டு அனுபவம் உள்ள நிரலர். மூன்று மாதங்களுக்கு முன் புதிய குழு ஒன்றுக்கு மாற்றப்பட்டேன். சந்தா வசூலைக் கவனிக்கும் மென்பொருள் அது. எட்டு ஆண்டுகளாக ஓடுகிறது, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வரிகள். ஓரிடத்தைத் திருத்தினால் தொடர்பே இல்லாத இன்னோரிடம் உடைகிறது. நிரலை அலசும் கருவி ஒன்றை ஓட்டிப் பார்த்தேன், 4,312 எச்சரிக்கைகள் வந்தன. தொகையைக் கணக்கிடும் முக்கியமான ஃபங்ஷன் (ஒரு வேலைக்கென்று பெயரிட்டு எழுதிய நிரல் துண்டு) மட்டும் 640 வரிகள். ‘நிலை 7 என்றால்’ என்ற நிபந்தனை 23 இடங்களில் வருகிறது. அந்த 7 எதைக் குறிக்கிறது என்று இப்போதைய குழுவில் யாருக்கும் தெரியாது. எழுதியவர் இதே நிறுவனத்தில் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். இப்படி எழுதிய ஒருவரை நினைத்தாலே கோபம் வருகிறது. எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிடலாம் என்கிறேன் நான். மேலாளரோ, ‘சுத்தம் செய்வதற்கெல்லாம் நேரமில்லை’ என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த 4,312 எச்சரிக்கைகளை ஓரமாக வைத்துவிடுங்கள். அவற்றை ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தீர்க்கப் புகுந்த குழுக்களை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் உழைத்து எண்ணிக்கையைப் பாதியாக்கினார்கள். ஆனால் அடுத்த மாற்றத்தைச் செய்ய முன்பு எத்தனை நாள் ஆயிற்றோ அத்தனை நாளே ஆயிற்று. காரணம் எளிமையானது. பயன்படாத மாறி, நீளமான வரி, விளக்கக் குறிப்பு இல்லாத ஃபங்ஷன் என்று கருவியால் எளிதில் கண்டுபிடிக்க முடிந்தவைதான் அந்தப் பட்டியலில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். உங்களை இரவில் தூங்கவிடாத சிக்கல் எந்தப் பட்டியலிலும் தனி வரியாக வராது.

கருவிகள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. 1976இல் தாமஸ் மெக்கேப் முன்வைத்த சிக்கல் அளவை இன்றும் நான் பயன்படுத்துகிறேன். ஒரு ஃபங்ஷனுக்குள் பாதை பிரியும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் அந்த எண் கிடைத்துவிடும். பத்தைத் தாண்டினால் கவனியுங்கள் என்றார் அவர். அதற்குப் பொருள் உண்டு: ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து நிபந்தனைகள் இருந்தாலே உள்ளே நுழைந்து வெளியே வர 1,024 வழிகள் ஆகிவிடுகின்றன. யார் தலையிலும் அத்தனை வழிகள் ஒருசேர நிற்காது. ஆனாலும் அறுபது பிழைக் குறியீடுகளுக்கு அறுபது செய்திகளைத் திருப்பித் தரும் ஒரு நீளமான ‘ஸ்விட்ச்’, அதாவது ‘இதுவானால் இது’ என்ற வரிசை, இந்த அளவுகோலில் படுமோசமான எண்ணைக் காட்டும். அதைப் பள்ளி மாணவரும் படித்துப் புரிந்துகொள்வார். எந்த இடம் சிக்கலானது என்று எண் காட்டிவிடும். அந்த இடத்துக்கு நீங்கள் போக வேண்டியிருக்கிறதா என்பது எண்ணுக்குத் தெரியாது.

இதைத்தான் நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வார்டு கன்னிங்ஹாம் என்ற நிரலர் 1992இல் அவசரத்தில் எழுதிய நிரலைக் கடனோடு ஒப்பிட்டார். அன்றிலிருந்து ‘தொழில்நுட்பக் கடன்’ என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. ஆனால் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அசலைப் பற்றியே பேசுகிறார்கள். வட்டியைப் பாருங்கள். அந்த நிரலை ஒருவர் திறந்து, படித்து, புரியாமல் தவித்து, மாற்றும்போதுதான் வட்டி கட்டப்படுகிறது. ஆறு ஆண்டுகளாக யாரும் தொடாத, ஒழுங்காக ஓடுகிற ஒரு கோப்பு எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் அதற்கு வட்டி இல்லை. அதைச் சீர்செய்யப் போவது நல்ல உழைப்பை வீணடிப்பது. புதிய பிழையை உள்ளே விடும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. வாரம் இருமுறை யாராவது தொட்டுத் தடுமாறுகிற கோப்பு ஓரளவு சுமாராக எழுதப்பட்டிருந்தாலும் அங்கேதான் குழுவின் நேரம் கரைகிறது.

அந்தக் கோப்புகளைக் கண்டுபிடிக்க ஒரு பிற்பகல் போதும். மாற்றங்களின் வரலாறு முழுவதும் உங்கள் கிட் ரெப்போவில், அதாவது நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் களஞ்சியத்தில், இருக்கிறது. கடந்த பன்னிரண்டு மாதக் கமிட்டுகளை (ஒரே முறையில் பதிந்த மாற்றங்களின் தொகுப்பு ஒரு கமிட்) எடுத்து, ஒவ்வொன்றிலும் மாறிய கோப்புப் பெயர்களை மட்டும் காட்டச் சொல்லி, அவற்றை வரிசைப்படுத்தி எண்ணுங்கள். ஒன்றரை லட்சம் வரிகளில் பெரும்பகுதி அமைதியாகக் கிடப்பதையும், ஏதோ இருபது முப்பது கோப்புகளில் மட்டும் கைகள் திரும்பத் திரும்ப விழுவதையும் காண்பீர்கள். அந்தப் பட்டியலின் பக்கத்தில் மெக்கேப் எண்ணை எழுதுங்கள். அதற்கும் பக்கத்தில், பிழைத் திருத்தம் என்ற பெயரில் வந்த கமிட்டுகள் எத்தனை என்று எழுதுங்கள். மூன்றிலும் மேலே நிற்பவை நான்கைந்து கோப்புகள்தான் இருக்கும். உங்கள் 640 வரி ஃபங்ஷன் அதில் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் அதையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் அதே வரலாற்றில் தேடுங்கள்: எந்த இரண்டு கோப்புகள் எப்போதும் ஒரே கமிட்டில் சேர்ந்து மாறுகின்றன? ஒன்று மற்றொன்றை அழைப்பதில்லை, வெவ்வேறு அடைவுகளில் இருக்கின்றன, ஆனாலும் பத்துக்கு எட்டு முறை சேர்ந்தே மாறுகின்றன என்றால், நிரலில் எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் அவற்றுக்கிடையே இருக்கிறது. ஒரு கோப்பில் எழுதும் வடிவத்தை இன்னொன்று அப்படியே எதிர்பார்க்கிறது என்பது போல. நீங்கள் சொன்ன ‘ஓரிடத்தைத் தொட்டால் இன்னோரிடம் உடைகிறது’ என்ற துன்பத்தின் வேர் அநேகமாக இங்கேதான். அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு பெயர் கொடுத்து, ஒரே இடத்தில் எழுதி வைத்து, இரண்டு கோப்புகளையும் அங்கிருந்து படிக்கச் செய்வதுதான் மருந்து.

உங்களிடம் இப்போது இருக்கும் ஒரு செல்வத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் புதியவர். ‘சரிபார்’ என்று பெயர் வைத்த ஃபங்ஷன் சத்தமில்லாமல் தரவுத்தளத்தில் எழுதுவதைக் கண்டு திடுக்கிடுவது புதியவர் மட்டும்தான். ஆறு மாதத்தில் உங்களுக்கும் அது பழகிப்போகும். அதன்பின் கண்ணில் படாது. எனவே பெயர் உங்களை ஏமாற்றிய இடங்கள், இரண்டு முறை படித்தும் பிடிபடாத இடங்கள், யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொண்ட விஷயங்கள் எல்லாவற்றையும் இன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். எந்த அலசல் கருவியின் அறிக்கையைவிடவும் எனக்கு அந்தக் குறிப்பேட்டில் நம்பிக்கை அதிகம்.

இனி அந்த 640 வரிக்கு வருவோம். அதில் ஓர் எழுத்தையும் மாற்றுவதற்கு முன் கீழே வலை கட்டுங்கள். அது என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துச் சோதனை எழுத வேண்டாம். அது உங்களுக்கு இன்னும் தெரியாது, ஒருவேளை யாருக்குமே தெரியாது. இப்போது என்ன செய்கிறது என்பதை மட்டும் பதிவு செய்யுங்கள். உண்மையில் நடந்த கணக்குகளிலிருந்து ஓர் இருநூறு உள்ளீடுகளை எடுத்து, வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்களை நீக்கிவிட்டு, அந்த ஃபங்ஷனில் செலுத்துங்கள். வரும் விடைகளை ஒரு கோப்பில் சேமியுங்கள். பிறகு எதையும் மாற்றாமல் இன்னொரு முறை ஓட்டி இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் அவை ஒத்துவராது. அதற்குள்ளே எங்கோ இன்றைய தேதியை எடுக்கும் ஒரு வரி இருக்கும், அல்லது வரிசை உறுதியில்லாத ஒரு பட்டியல், அல்லது வெளியே இன்னொரு சேவையைக் கேட்கும் அழைப்பு. அதைக் கண்டுபிடித்ததே பாதி வெற்றி. தேதியை உள்ளேயே எடுக்காமல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும்படி மாற்றுங்கள். வலை கட்டி முடிக்கும் முன் நான் அனுமதிக்கும் ஒரே வகை மாற்றம் இதுதான்.

வலை கட்டிய பின் அதன் பலத்தைச் சோதிக்க மறக்காதீர்கள். வேண்டுமென்றே ஒரு கூட்டலைக் கழித்தலாக்குங்கள். ஒரு ‘விடப் பெரியது’ என்பதை ‘விடச் சிறியது’ ஆக்குங்கள். சோதனை சிவப்பானால், அதாவது விடை மாறிவிட்டது என்று காட்டினால், நல்லது. பச்சையாகவே இருந்தால் உங்கள் இருநூறு உள்ளீடுகளில் ஒன்றுகூட அந்த வழியில் போகவில்லை என்று பொருள். அந்த ஓட்டையை அடைக்கும் உள்ளீட்டைத் தேடிச் சேர்த்துவிடுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு பச்சை விளக்கை நம்பி மோசம் போகிறார்கள்.

நானே மோசம் போனதுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் கட்டணம் கணக்கிடும் இரண்டு ஃபங்ஷன்கள் அச்சு அசலாக ஒன்றே போல் இருப்பதைக் கண்டேன். பதினெட்டு வரிகள். ஒரே மாறிப் பெயர்கள், ஒரே வரிசை. ஒன்றை நீக்கிவிட்டு மற்றதை இரண்டு இடங்களிலும் அழைத்தேன். நான் கவனிக்காதது ஒரே ஒரு வேறுபாடு. ஒன்று ஒவ்வோர் உருப்படியின் கட்டணத்தையும் இரண்டு தசம இடத்துக்குத் திருத்திவிட்டுப் பிறகு கூட்டியது. மற்றது எல்லாவற்றையும் கூட்டிவிட்டுக் கடைசியில் ஒரு முறை திருத்தியது. மூன்று உருப்படிகள், ஒவ்வொன்றுக்கும் 3.334 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழியில் 3.33 மூன்று முறை, மொத்தம் 9.99. இரண்டாம் வழியில் 10.002, அதாவது 10.00. 0.01 வேறுபாடு. அந்த மாத இறுதியில் கணக்குப் பிரிவின் கூட்டுத்தொகையும் எங்கள் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகவில்லை. எந்த ஒரு பில்லிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பிழை அது. கண்டுபிடிக்க நான்கு பேருக்கு மூன்று நாள் ஆயிற்று. இருநூறு உண்மையான உள்ளீடுகள் கொண்ட ஒரு வலை என்னிடம் இருந்திருந்தால் நான்கு விநாடியில் தெரிந்திருக்கும்.

அதனால்தான் உங்கள் 23 ஏழுகளைப் பற்றிப் படித்ததும் எனக்குப் பதற்றம் வந்தது. ‘அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வையுங்கள்’ என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் 23 இடங்களையும் ஒரே தேடலில் மாற்றிவிடாதீர்கள். அத்தனையும் ஒரே 7 தானா? ஒன்று சந்தாவின் நிலையாக இருக்கலாம். ஒன்று பணம் செலுத்திய ஆணையின் நிலையாக இருக்கலாம். வேறோரிடத்தில் அதே பெயருள்ள மாறியில் ஏழு நாள் தவணைக் கணக்கை யாராவது போட்டு வைத்திருக்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் போய், அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கி நடந்து பாருங்கள். உறுதியானவற்றுக்கு மட்டும் பெயரிடுங்கள். மீதியை அப்படியே விட்டு, ‘இது என்னவென்று இன்னும் தெரியவில்லை’ என்று நேர்மையாக ஒரு குறிப்பு எழுதுங்கள். தவறான பெயர் வெறும் எண்ணைவிடக் கெடுதலானது. எண்ணைப் பார்ப்பவர் சந்தேகப்படுவார், பெயரைப் பார்ப்பவர் நம்பிவிடுவார்.

பெரிய ஃபங்ஷனைப் பிரிக்கும்போது எங்கே வெட்டுவது என்று கேட்பீர்கள். உள்ளே வெற்று வரி விட்டு ‘இப்போது தள்ளுபடி’, ‘இப்போது பாக்கி’ என்று குறிப்பு எழுதியிருக்கும் இடங்களைப் பாருங்கள். எழுதியவரே எங்கே மூச்சு வாங்கினார் என்று அது காட்டும். அந்தக் குறிப்பே புதிய ஃபங்ஷனின் பெயர். ட்ரூ, ஃபால்ஸ் (ஆம், இல்லை) என்று வாங்கும் பாராமீட்டர்கள், அதாவது அழைப்பவர் உள்ளே அனுப்பும் மதிப்புகள், இருந்தால் அவற்றைச் சந்தேகத்தோடு பாருங்கள். அழைக்கும் இடத்தில் ‘ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ’ என்று நின்றால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. உள்ளே அது பெரும்பாலும் இரண்டு வேறு வேலைகளை ஒரே கூரையின் கீழ் அடைத்து வைத்திருக்கும். அவற்றை இரண்டாகவே பிரித்துவிடலாம். மற்ற நுணுக்கங்களை உங்கள் எடிட்டரே செய்து தரும்.

கமிட்டில் ஓர் ஒழுக்கம் வேண்டும். வடிவத்தை மாற்றும் கமிட் வேறு, நடத்தையை மாற்றும் கமிட் வேறு. இரண்டையும் கலக்கவே கூடாது. பெயர் மாற்றிய நானூறு வரிகளுக்கு நடுவே ஒரு நிபந்தனை மாறியிருந்தால் சக நிரலர்கள் படித்துப் பார்க்கும் எந்த ரிவியூவிலும் அது தப்பிவிடும். வேலைக்கு நடுவில் பழைய பிழை ஒன்றைக் கண்டுபிடித்தாலும், அப்போதே திருத்தாமல் தனியாகப் பதிவு செய்யுங்கள். அந்தப் பிழையான விடையைச் சரியென்று நம்பி வேறு எங்காவது ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கலாம்.

செத்த நிரலைப் பற்றியும், அதாவது யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் நிரலைப் பற்றியும், ஒரு வார்த்தை. ‘கிடக்கட்டுமே, யாருக்கு என்ன தொல்லை’ என்று நினைக்கத் தோன்றும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் நைட் கேபிடல் நிறுவனத்துக்கு நேர்ந்ததை நான் ஒவ்வொரு புதிய நிரலருக்கும் சொல்கிறேன். ‘பவர் பெக்’ என்ற ஒரு வசதியை அவர்கள் 2003இலேயே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். நிரலை மட்டும் நீக்கவில்லை. புதிய வசதி ஒன்றுக்கு, முன்பு பவர் பெக்கை இயக்கப் பயன்பட்ட அதே கொடியை (ஒரு வசதியை இயக்கும் அடையாளம்) மறுபடி எடுத்துக்கொண்டார்கள். புதிய நிரல் எட்டு சர்வர்களில் ஏழுக்குப் போய்ச் சேர்ந்தது, ஒன்றுக்குப் போகவில்லை. சந்தை திறந்ததும் அந்த எட்டாவது சர்வரில் பழைய நிரல் விழித்துக்கொண்டு நிறுத்தாமல் ஆர்டர்களை அனுப்பியது. ஏறத்தாழ 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பு. உங்கள் நிரலின் வரலாறு கிட்டில் பத்திரமாக இருக்கிறது. வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். யாரும் அழைக்கவில்லை என்று உறுதியானதும் நீக்கிவிடுங்கள். நீக்கிய அடையாளத்தை வேறு எதற்கும் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

முழுவதையும் புதிதாக எழுதும் ஆசைக்கு என் பதில்: வேண்டாம். நெட்ஸ்கேப் நிறுவனத்தின் உலாவி நான்காம் பதிப்பாக 1997இல் வெளிவந்தது. 1998இல் பழைய நிரலை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எழுத முடிவு செய்தார்கள். ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை. ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில் வந்தது. அதற்குள் சந்தை கைநழுவிப் போயிருந்தது. உங்கள் எட்டு ஆண்டு நிரலில் அருவருப்பாகத் தெரியும் ஒவ்வொரு ‘இஃப்’ நிபந்தனையும் ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் அழுததன் தழும்பாக இருக்கலாம். புதிதாக எழுதினால் அந்த அழுகையை ஒவ்வொன்றாக மறுபடி கேட்க வேண்டியிருக்கும். ஒரு பகுதியை மட்டும் மாற்றி எழுதுவது வேறு விஷயம். தள்ளுபடிக் கணக்கு போன்ற ஒரு துண்டைத் தெளிவான எல்லைக்குப் பின்னால் புதிதாக எழுதி, பழையதையும் புதியதையும் சில வாரம் இணையாக ஓட்டி, விடைகள் ஒத்துவந்த பிறகு பழையதை நீக்கலாம். இதில் எந்த நாளும் திரும்பி வர வழி இருக்கிறது.

உங்கள் மேலாளரிடம் ‘சுத்தம்’ என்ற சொல்லையே இனிப் பயன்படுத்தாதீர்கள். அவர் காதில் அது அலங்கார வேலையாக விழுகிறது. அடுத்த ஆறு வாரம், நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள்: புரிந்துகொள்ள எத்தனை மணி நேரம், எழுத எத்தனை மணி நேரம். எந்தக் கோப்பில் என்றும் எழுதுங்கள். ‘இந்த நான்கு கோப்புகளில் பத்து மணி நேர வேலையில் எட்டு மணி நேரம் படிப்பதற்கே போகிறது, அடுத்த மூன்று மாதத் திட்டத்தில் ஆறு வேலைகள் இதே கோப்புகளைத் தொடப்போகின்றன’ என்று உங்கள் எண்களோடு போய் உட்காருங்கள். அதை மறுப்பது அவருக்குக் கடினம், அவர் மறுக்க விரும்பவும் மாட்டார். தனியாக ஒரு மாதம் கேட்காதீர்கள். ஒவ்வொரு வேலையின் மதிப்பீட்டிலும், அது தொடப்போகும் இடத்தை முதலில் ஒழுங்குபடுத்துவதற்கான நேரத்தைச் சேர்த்தே சொல்லுங்கள். அந்தப் பங்கை யாரும் கேட்டுப் பேரம் பேசும்படி தனி வரியாகப் பிரித்துக் காட்ட வேண்டாம். சோதனை எழுதுவதற்கு எப்படித் தனி அனுமதி கேட்க மாட்டீர்களோ அப்படித்தான் இதுவும்.

கடைசியாக, எழுதியவர் மீது உங்களுக்கு வந்த கோபம். 640 வரியை ஒரே நாளில் யாரும் எழுதுவதில்லை. அந்த ஃபங்ஷனின் வரலாற்றைக் கிட்டில் தொடக்கம்வரை புரட்டிப் பாருங்கள். முதல் வடிவம் நாற்பது வரியாக, நன்றாகவே இருந்திருக்கும். பிறகு ஒவ்வொரு அவசரத்துக்கும் பத்து வரி, வெவ்வேறு கைகளிலிருந்து. அவரும் உங்களைப் போல நேரமில்லை என்ற பதிலைக் கேட்டவராகத்தான் இருப்பார். அவர் அதே நிறுவனத்தில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதமாக நீங்கள் அவரை ஒரு முறையும் போய்ப் பார்க்கவில்லை என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. உங்கள் குறிப்பேட்டில் எழுதிய கேள்விகளில் முக்கியமான பத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். ‘ஏன் இப்படி எழுதினீர்கள்’ என்று தொடங்க வேண்டாம். ‘அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது’ என்று கேளுங்கள். முதல் கேள்வி அந்த 7 ஆக இருக்கட்டும்.